கிராவல் பைக்கில் ட்ராப்பர்: வேகமும் இல்லை, எடையும் இல்லை

ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தினால் சீட்டை இறக்கலாம், மறுபடி அழுத்தினால் பழைய உயரத்துக்கே அது ஏறிவிடும். இப்படி வேலை செய்யும் தண்டுதான் ட்ராப்பர் சீட்போஸ்ட். மவுண்டன் பைக்கில் இது வேணுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கிராவல் பைக்கில்தான் சண்டை. ஆதரிப்பவர்கள் வேகத்தைச் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்கள் எடையைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் ரெண்டுமே பலவீனமான வாதம்.

முதலில் வேகம். இங்கே தவறாமல் சாட்சிக்கு அழைக்கப்படுபவர் ஸ்லோவேனியாவின் மதேய் மோஹோரிச். 2022 மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் போஜ்ஜோ குன்றின் இறக்கத்தில் ட்ராப்பரோடு பாய்ந்து, எல்லாரையும் பின்னால் விட்டு ஜெயித்தார். ஆனா போஜ்ஜோ தார் ரோடு. 290 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயத்தின் கடைசிச் சில கிலோமீட்டருக்காகத் தேர்ந்த ஆயுதம் அது. பைக்கின் மேல்குழாயில் உட்கார்ந்து இறங்குவதை 2021 ஏப்ரலில் யூசிஐ தடை செய்துவிட்டதால், உடலைத் தாழ்த்த விதிக்குள் இருந்த வழியும் அதுதான். இறக்கத்தில் உலகத்தரம் வாய்ந்த அவரே அன்று விழப்பார்த்துத் தப்பினார். இந்தச் சாட்சியம் ஜல்லி ரோட்டுக்குச் செல்லாது.

அடுத்து எடை. சாதாரண போஸ்ட்டோடு ஒப்பிட்டால் ட்ராப்பரில் 300 கிராம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளும் பைக்கும் சேர்ந்து 85 கிலோ என்றால் இது 0.35 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் 12, 13 விநாடி போகும். பந்தயக்காரருக்கு அது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் நமக்கு அது ஒரு டீ ஆறும் நேரம்கூட இல்லை.

அப்போ எது முக்கியம்? இறக்கத்தில் சீட் குறுக்கே நிற்பதுதான். மிதிக்கிற உயரத்தில் சீட் இருந்தால் உடலைத் தாழ்த்த இடமில்லை. பயத்தில் கையை நீட்டி, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுகிறோம். முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது, டயர் திரும்ப மறுக்கிறது. சீட் இறங்கினால் பைக்கின் நடுவிலேயே தாழ்ந்து நிற்கலாம், முழங்காலும் முழங்கையும் சஸ்பென்ஷன் வேலையைச் செய்யும்.

ஹேண்டில்பாருக்கு மேல் குப்புற விழாமல் காப்பாற்றும் என்பதையும் அளவோடு நம்ப வேண்டும். உதிரி ஜல்லியில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தூக்குவதற்கு முன்பே பெரும்பாலும் டயர் வழுக்கிவிடும். குப்புற விழுவது கல்லிலோ குழியிலோ சக்கரம் மாட்டி நிற்கும்போதுதான். அந்த மாதிரி பாதை உங்களுடையதா என்பதுதான் கேள்வி.

இதற்குக் கொடுக்கும் உண்மையான விலை எடையோ பணமோ இல்லை. பல கிராவல் பைக்குகளில் 27.2 மில்லிமீட்டர் போஸ்ட் வருகிறது. கார்பனில் செய்த மெல்லிய போஸ்ட் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதிர்வு முதுகுக்கு வருவதைக் குறைக்கும். ரெண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் ட்ராப்பர் பொதுவாக அப்படி வளையாது. கான்சாஸ் மாநிலத்தில் நடக்கும் அன்பவுண்ட் மாதிரி 200 மைல் பந்தயத்தில் பெரும்பாலான நேரம் சீட்டில் உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். அங்கே அந்த வளைவை விட்டுக்கொடுப்பது நஷ்டம். சீட்டுக்குப் பின்னால் பெரிய பை கட்டிப் பல நாள் பயணம் போகிறவருக்கும் சிக்கல்தான், சீட் இறங்கினால் பை டயரில் உரசும்.

மறுபக்கம், முன்னால் ஒரே செயின்ரிங் உள்ள பைக்கில் இடதுகை லீவர் சும்மா இருக்கிறது. ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் வரிசையில் அந்த லீவரையே ட்ராப்பருக்கு வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. உயரம் குறைந்தவர்களுக்கும், இடுப்பு மூட்டு ஒத்துழைக்காதவர்களுக்கும் வண்டியில் ஏறி இறங்கவே இது பெரிய உதவி. விளம்பரங்களில் நான் அதிகம் பார்க்காத பயன் இது, ஆனா தினமும் பலன் தருவது இதுதான்.

வாங்குவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை. இப்போதைய சீட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களைப் பயமுறுத்தும் இறக்கத்தின் உச்சியில் நிறுத்தி, ஆலன் கீயால் 5 சென்டிமீட்டர் இறக்கி, நன்றாக முறுக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதே இறக்கத்தைப் பழைய உயரத்திலும் ஓட்டுங்கள். பிரேக்கைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்ததா என்று மட்டும் கவனியுங்கள். தளர்ந்திருந்தால் ட்ராப்பர் போடலாம். வித்தியாசமே தெரியலைன்னா அந்தக் காசுக்கு அகலமான டயர் வாங்குங்கள்.