மூன்று வெள்ளி எண்பது காசு

மகாதீரின் ‘எ டாக்டர் இன் த ஹவுஸ்’ (2011) சுயசரிதையில் என்னை உட்காரவைத்துப் படிக்கவைத்தது 1997-98 நாணய நெருக்கடியைச் சொல்லும் பகுதிதான். தற்புகழ்ச்சி நிறைய இருக்கு. அரசியல்வாதி எழுதினால் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் பியூனஸ் அயர்ஸில் நோர் முகமட் யாக்கோப்பைக் கூப்பிட்டு, கையில் இல்லாத பணத்தை எப்படி விற்கிறார்கள் என்று ஒரு பிரதமர் பாடம் கேட்கும் இடம் நல்ல நாவலுக்கு உரியது. பாடம் சொன்னவர், 90களின் தொடக்கத்தில் பேங்க் நெகாரா அந்நியச் செலாவணிச் சூதில் பல நூறு கோடி வெள்ளியை இழந்தபோது அங்கே பொறுப்பில் இருந்தவர். நாவலாசிரியர் யாரும் அந்த முரணை விட்டுவைத்திருக்க மாட்டார். மகாதீருக்கு அது பெரிதாகப் படவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நெருக்கடிக்கு முன்னால் ஒரு டாலர் சுமார் இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் 4.88. பக்கத்து நாடுகள் அனைத்துலகப் பண நிதியத்திடம் கடனுக்குப் போயின. மலேசியா போகவில்லை. ஆனாலும் நிதியமைச்சர் அன்வார் அதே வைத்தியத்தைத்தான் செய்தார்: வட்டியை ஏற்று, செலவைக் குறை. 1998 செப்டம்பர் 1-இல் மூலதனக் கட்டுப்பாடு வந்தது. மறுநாள் ஒரு டாலர் 3.80 வெள்ளி என்று கட்டிப்போட்டார்கள். அன்வார் பதவி இழந்ததும் அன்றே. பண நிதியம் முகம் சுளித்தது. மூடிஸும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸும் நாட்டின் கடன் தரத்தை இறக்கின. அதே பண நிதியம், சில சூழல்களில் இப்படிப்பட்ட கட்டுப்பாடு தேவைப்படலாம் என்று 2012-இல் ஒப்புக்கொண்டது. ஆக, வெளிநாட்டு நெருக்குதலுக்கு வளைய மறுத்ததில் மகாதீர் பக்கம் நியாயம் இருந்தது. என் சண்டை வேறு.

இந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் ‘நாடு’ என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? நான் கேமரன் மலைக்காரன். அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். எங்கள் பக்கம் டாலர் என்றால் சிங்கப்பூர் டாலர்தான்; முட்டைக்கோஸ் லாரி அங்கேதான் போகும். வெள்ளி விழுந்ததில் அந்தக் காய்கறிக்கு லாபம் இருந்தது. தேயிலைக்கு அப்படியில்லை. மலேசியா தான் விளைவிப்பதைவிட அதிகத் தேயிலை குடிக்கும் நாடு. மலையில் விளைவது பெரும்பாலும் உள்ளூரிலேயே விற்றுப்போகும். உரம் மட்டும் வெளியிலிருந்து, ஏறிய விலையில் வரும். ஒரே சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே 3.80க்கு இரண்டு அர்த்தம்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மலேசியத் தோட்டங்களில் அப்போதே இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வேலைசெய்தார்கள். 1997 நடுவில் ஒரு வெள்ளிக்குச் சுமார் 17 டாக்கா. 1998 முடிவில் 13கூட இல்லை. அதே காலத்தில் ரூபியா இன்னும் மோசமாக விழுந்ததால், ஆயிரத்தை எட்டாமல் இருந்த ஒரு வெள்ளி 2,000 ரூபியாவைத் தாண்டியது. ஒரே தோட்டம், ஒரே சம்பளம். வங்காளதேசி வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் நாலில் ஒரு பங்கு கரைந்தது. இந்தோனேசியன் அனுப்பியது இரட்டிப்பானது. அங்கே அரிசி விலை ஏறியதில் அதுவும் போயிருக்கும், அது தனிக் கதை. பண நிதியமா மகாதீரா என்ற மல்லுக்கட்டில் இவர்கள் எந்தப் பக்கம்?

இதை மகாதீரிடம் எதிர்பார்க்க முடியாது. எழுத்தாளர்களிடம் எதிர்பார்க்கலாம். இந்த மலையை உலக வாசகருக்குக் காட்டிய டான் துவான் எங்கின் ‘த கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ (2012) மஜூபா என்ற தேயிலைத் தோட்டத்தைச் சுற்றி நடக்கிறது. அதில் ஜப்பானியத் தோட்டக்கலைஞர், தென்னாப்பிரிக்க முதலாளி, சீன நீதிபதி எல்லாரும் முழு மனிதர்கள். கொழுந்து பறிக்கும் தமிழர்களோ பனிமூட்டத்தில் தெரியும் முதுகுகள். அழகான நாவல்தான், மறுக்கவில்லை.

நம் தோட்டப் புனைவு அந்த முதுகுகளைத் திருப்பி முகம் காட்டியது. ஆனால் ரப்பர் காட்டைவிட்டு அது அதிகம் நகரவில்லை. பெரட்டு, மண்டோரின் ஏச்சு, வெட்டப்பட்ட அரைநாள் சம்பளம் எல்லாம் அதற்குத் தெரியும். ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் தாளான கதையை நம் பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பணம் செத்தால் நமக்கு உறைக்கிறது. சாகாமல் மெலிந்தால் கண்ணில் படுவதில்லை. கூலியைப் பிடுங்கும் கையை எழுதிவிடலாம். யாருடைய கையும் படாமல் கூலி இளைப்பதை எழுதுவது கஷ்டம், அதுவும் எனக்குப் புரிகிறது.

2005 ஜூலை 21 அன்று, அமெரிக்கா வருடக்கணக்கில் நெருக்கியபின், சீனா டாலருடன் கட்டியிருந்த யுவானின் முடிச்சைத் தளர்த்தியது. சில மணி நேரம்கூட ஆகவில்லை, மலேசியாவும் 3.80-ஐக் கைவிட்டது. அந்த வாரம் தானா ராத்தாவில் ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசையில் நிற்கும் இரண்டு தேயிலைத் தொழிலாளர்களை வைத்து யாராவது ஒரு சிறுகதை எழுதினால், முதல் ஆளாக நான் வாசிப்பேன்.