முறைப்பெண்ணும் பதினாறில் ஒன்றும்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. யாரை யார் மணக்கக் கூடாது என்பதை அதன் 11-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், உடன்பிறந்தாரின் பிள்ளைகள் என்று. இவ்வளவு கறாராகத் தடை சொன்ன கையோடு அதே பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. இந்து ஒருவர் தம் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதையும், பெண்ணொருத்தி தன் தாய்மாமனை மணப்பதையும் அது தடுக்காது. அத்தை மகளுக்கும் மாமன் மகனுக்கும் விலக்கே தேவைப்படவில்லை. தடைப்பட்டியலில் அவர்கள் இல்லை. தென்னிந்தியர் கப்பலேறி வந்தபோது கூடவே வந்த ஒரு வழக்கத்துக்குப் புதிய நாட்டின் சட்டம் இப்படி இடம் ஒதுக்கியது. மரபியல் என்ற சொல் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் மரபியலின் அடிப்படையைப் படிக்கும் மாணவர் ஒருவர் தம் பாடத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கூறைப்புடவை எடுக்க வந்த குடும்பத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் அது இரண்டு வழியில் போகும். “சொந்தத்தில் முடித்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும்” என்பது ஒன்று. “தாத்தா பாட்டி எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள், நாமெல்லாம் நன்றாக இல்லையா?” என்பது மற்றொன்று. இரண்டுமே மரபியலைத் துணைக்கு அழைப்பதுபோல் தோன்றும். இரண்டுமே அதைப் பிழையாகப் படிக்கின்றன. முதலாமவர் சாத்தியத்தை விதியாக்குகிறார். இரண்டாமவர் தப்பியவர்களை மட்டும் எண்ணுகிறார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே ரத்த வகை என்றால் ஆகாது என்று பயந்துகொண்டே அக்காள் மகளைப் பேசி முடிப்பவர்களும் உண்டு. ஏ, பி, ஓ வகை ஒன்றாக இருப்பதால் பிள்ளைக்கு எந்தக் கேடும் இல்லை. கருவுற்ற பெண்ணுக்குக் கவனிக்க வேண்டியது ஆர்எச் வகைதான். பயப்பட வேண்டாததற்குப் பயந்து, கணக்குப் பார்க்க வேண்டியதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது இந்த விவாதத்தின் பழைய நோய்.

அந்தக் கணக்கு எளியது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது, ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒடுங்கு பண்புள்ள நோயில், பழுதான படி ஒன்று மட்டும் இருந்தால் அவர் கடத்தி, நோயாளி ஆகமாட்டார். இரண்டும் பழுதானால்தான் நோய் வெளிப்படும். நம்மில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் இப்படிச் சில பழுதுகளை அறியாமலே சுமக்கிறோம். அந்நியர் இருவர் மணக்கும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்புக் குறைவு. உறவினர் மணந்தாலோ, பொதுவான தாத்தா பாட்டியின் டிஎன்ஏ துண்டு ஒன்றே இரு வழியாக இறங்கி வந்து பிள்ளையிடம் மறுபடி சேர வழி பிறக்கிறது. அத்தை, மாமன் மக்கள் மணந்தால், குறிப்பிட்ட ஒரு மரபணுவில் இப்படி நேர்வதற்கான வாய்ப்பு 1/16. தாய்மாமன், அக்காள் மகள் என்றால் 1/8. உடன்பிறந்தாரின் பேரப்பிள்ளைகள் மணந்தால் 1/64. இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்ட் கேராட் 1902-இல் சிறுநீர் கறுக்கும் ஓர் அரிய குறைபாட்டை ஆராய்ந்தபோது, அந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர் தமக்குள் முதல்நிலை உறவினர், அதாவது உடன்பிறந்தாரின் பிள்ளைகள், என்பதைக் கண்டார். பட்டாணிச் செடியில் மெண்டல் 1866-இல் எழுதிவைத்தது மனிதருக்கும் பொருந்தும் என்று காட்டிய முதல் சான்றுகளில் அது ஒன்று. மனித மரபியலின் பிறப்பிலேயே உறவுத் திருமணம் சாட்சியாக நின்றிருக்கிறது.

ஆனால் 1/16 என்ற எண் தனியே எதையும் சொல்லாது. பழுது எவ்வளவு அரிது என்பதோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். மக்கள்தொகையில் நூறு படிகளுக்கு ஒன்று பழுது என்று வைத்துக்கொள்வோம். அந்நியர் மணந்தால் 10,000 பிள்ளைகளில் ஒருவருக்கு நோய். அத்தை, மாமன் மக்கள் மணந்தால் 10,000-க்குச் சுமார் ஏழு, தாய்மாமன் என்றால் பதின்மூன்று. பழுது இன்னும் அரிதாக ஆக இந்தப் பெருக்கம் கூடும். பரவலாக ஆகக் குறையும். தலசீமியா போல் நூற்றில் சிலர் கடத்தியாக இருக்கும் நோயில் உறவுத் திருமணம் சேர்க்கும் கூடுதல் விகிதம் அவ்வளவு பெரிதல்ல, ஏனெனில் அந்நியரும் அதே பழுதைச் சுமந்து வரக்கூடும். பெயர்கூடக் கேள்விப்படாத அரிய நோய்களில்தான் உறவு தன் முழு பலத்தையும் காட்டும். “எங்கள் குடும்பத்தில் இதுவரை அப்படி ஒன்றும் இல்லை” என்ற ஆறுதல் ஏன் போதாது என்பதும் இதிலேயே தெரிகிறது. ஒடுங்கு நோய் இரு படிகளும் சந்திக்கும்வரை குடும்ப வரலாற்றில் தலைகாட்டாது.

வழக்கத்தைக் காப்போரின் வலுவான வாதம் முன்னோரின் அறிவு பற்றியது. சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் தங்கை முறை, கூடாது. அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண், கூடும். இந்தப் பிரிவினையில் ஏதோ உயிரியல் நுட்பம் ஒளிந்திருக்கிறது என்பார்கள். பெரும்பாலான குரோமோசோம்களில் நால்வருக்கும் கணக்கு ஒன்றே, 1/16. எக்ஸ் குரோமோசோமில் மட்டும் வேறுபாடு உண்டு. ஆண் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான். தந்தை வழியில் அது அவனுக்கு வருவதில்லை. எனவே பிறக்கும் மகளிடம் எக்ஸ் படிகள் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து சேரும் வாய்ப்பு, அத்தை மகளை மணந்தால் சுழியம், மாமன் மகளை மணந்தால் 1/8, பெரியம்மா அல்லது சித்தி மகளை மணந்தால் 3/16. வழக்கம் தடுத்த ஒன்றில்தான் ஆபத்து மிகுதி என்று இங்கே கைதட்டத் தோன்றும். அவசரம் வேண்டாம். சித்தப்பா மகளை மணந்தாலும் எக்ஸ் கணக்கு சுழியமே. அவளை முறை அறவே விலக்குகிறது. 1/8 வரும் மாமன் மகளை அதே முறை வரவேற்கிறது. தாய்மாமனுக்கும் அதே 1/8. இந்த முறை குடும்பங்களுக்கு இடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை ஒழுங்குபடுத்திய சமூக இலக்கணம். அந்த வகையில் அது நேர்த்தியானது. தென்னகத்தாரின் தனி வழக்கம் என்று பௌதாயன தர்மசூத்திரமே இதைக் குறித்துவைக்கும் அளவுக்குப் பழையதும்கூட. மரபணு ஆய்வு என்ற பட்டத்தை அதற்குச் சூட்டுவது அதன் உண்மையான பெருமையையும் மறைக்கிறது.

இதைவிட ஆழமான எதிர்வாதம் ஒன்று அறிவியலுக்குள்ளிருந்தே வந்தது. நூறு தலைமுறையாக உறவில் மணந்த மக்களிடையே கேடான ஒடுங்கு மரபணுக்கள் அவ்வப்போது வெளிப்பட்டு, தாங்கியவர்களோடு மறைந்து, கூட்டம் தூய்மைப்பட்டிருக்கும் என்பது அது. இந்திய மரபியலாளர் சங்வி 1960-களில் இதை முன்வைத்தார். 1977-இல் ராவும் இன்பராஜும் தமிழ்நாட்டில் நடத்திய பெரிய ஆய்விலும் கருச்சிதைவு, குழந்தை இறப்பு ஆகியவற்றில் உறவுத் திருமணத்தின் பெரிய பாதிப்பு தென்படவில்லை. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் மூன்று ஐயங்கள் மிஞ்சுகின்றன. பேதியும் காய்ச்சலும் குழந்தைகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோன காலத்தில் மரபணுவால் போன சிலரை அந்தக் கூட்டத்தில் பிரித்தறிவது கடினம். மலாயா விடுதலை பெற்ற 1957-இல் ஆயிரம் பிறப்புக்கு எழுபதுக்கு மேல் இருந்த சிசு மரணம் இன்று ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகே அடியில் கிடந்த பாறை தெரியும். அடுத்து, உயிரைப் பறிக்காமல் காதையோ கண்ணையோ அறிவையோ தொடும் பழுதுகளை இந்தக் களையெடுப்பு விரைவில் நீக்காது, புதிய திடீர் மாற்றங்களும் ஒவ்வொரு பிறப்பிலும் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்றாவது, களையெடுப்பு என்று நாம் இலேசாகச் சொல்லும் சொல்லுக்குள் இறந்துபோன குழந்தைகள் இருக்கிறார்கள். அதை ஒரு வழக்கத்தின் நன்மையாக வரவு வைக்கும் கணக்குப்புத்தகத்தை ஏற்க மனம் வரவில்லை.

எனினும் இந்த வழக்கத்தை வைது தீர்ப்போரும் முக்கியமான ஒன்றைக் காணவில்லை. உறவில் மணக்காதவர்கள் எல்லாரும் அந்நியரை மணப்பவர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சாதிக்குள் மட்டுமே மணக்கும் சமூகத்தில் மணமகன் சொந்தமில்லை என்பதற்குப் பொருள், சொந்தம் எது என்று மறந்துவிட்டது என்பது மட்டுமே. 2017-இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட குழுக்களின் டிஎன்ஏவைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், மரபுநோய்களுக்குப் பேர்போன அஷ்கனாசி யூதரையும் பின்லாந்தியரையும் விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து பெருகியவை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட குழுக்களும் அதில் அடக்கம். ஆந்திர, தமிழ்ப் பகுதி வைசியரிடையே அறுவைச் சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைதளர்த்தி மருந்தை உடைக்கும் நொதி இல்லாதவர்கள் கூடுதல். மருந்து கொடுத்தபின் அவர்களுக்கு மூச்சு திரும்பத் தாமதமாகும். இதற்குக் காரணமாக அக்காள் மகளைத் தேட வேண்டியதில்லை, பல நூற்றாண்டு அகமணமே போதும். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு இதில் தனி அத்தியாயம் உண்டு. கங்காணி தன் ஊரில், தன் உறவில், தன் சாதியில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். 1938-இல் அந்த வரத்து நின்றது. ஒரே லயத்தில், சில குடும்பங்களுக்குள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தே தலைமுறைகள் ஓடின. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது வேறு எல்லா வகையிலும் பெருந்துயரம். மரபணுவின் கண்ணில் மட்டும் அது கதவு திறந்ததற்குச் சமம்.

அப்படியானால் ஆபத்துதான் எவ்வளவு? இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பாகிஸ்தானிய வம்சாவளியினரை உள்ளடக்கிய பெரிய ஆய்வு 2013-இல் லான்செட்டில் வெளியானது. பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு முதல்நிலை உறவுத் திருமணத்தில் சுமார் 3 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்கிறது என்றது அது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் அந்தக் குறைகளின்றிப் பிறக்கின்றன. முப்பத்து நான்கு வயதைக் கடந்த வெள்ளைக்காரத் தாய்க்கும் ஏறத்தாழ இதே மடங்கு ஆபத்து கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு சுட்டியது. முப்பத்தைந்து வயதில் பிள்ளை பெறாதே என்று யாரும் சட்டம் போடுவதில்லையே, அத்தை மகனை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அந்நிய மண்ணில் நம்பத்தக்க மாப்பிள்ளை, வரதட்சணைச் சுமை குறைவு, பெண்ணுக்குத் தெரிந்த வீடு, மாமியாரே அத்தை என்ற தெம்பு, இவையும் வெறும் கற்பனை இல்லை. தோட்டத்து வறுமையில் இவற்றின் விலை பெரிது. ஆனால் இந்த வாதமெல்லாம் 1/16-க்கே பொருந்தும். தாய்மாமன் திருமணத்தில் எண் இரட்டிப்பாகிறது. பெற்றோரும் உறவில் மணந்தவர்கள் என்றால் எட்டில் ஒன்றையும் தாண்டுகிறது. வயது இடைவெளியும், தூக்கி வளர்த்தவனை மறுக்க முடியாத பெண்ணின் நிலையும் சேர்ந்துகொள்கின்றன. அத்தை மகனுக்காக வாதாட முடிகிற இடத்தில் தாய்மாமனுக்காக வாதாட முடியவில்லை.

அதற்காக 11-ஆம் பிரிவின் விலக்கை நாளையே நீக்கிவிடலாம் என்பதும் சரியாகாது. இந்த நாட்டில் பதிவில்லாத் திருமணம் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் குடியுரிமையிலும் எத்தனை முடிச்சுப் போடும் என்பதை இந்தியச் சமூகம் நன்றாக அறியும். தேசியப் பதிவிலாகா கதவடைத்தால் கோவிலில் தாலி ஏறும், பதிவு மட்டும் நின்றுபோகும், தண்டனை பிள்ளைக்கே. விலக்கை வைத்துக்கொண்டு, பதிவுக்கு முன் மரபியல் ஆலோசனையைக் கட்டாயமாக்குவது பயனுள்ள வழி. திருமணத்தையும் பரிசோதனையையும் இணைப்பது இங்கே புதிதல்ல. முஸ்லிம் மணமக்களுக்கு எச்ஐவி சோதனை வழக்கமாகிவிட்டது. பள்ளிகளில் மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனையும் நடக்கிறது. ஆயினும் அதன் முடிவு ரத்தச்சிவப்பணுவைப் பற்றி மட்டுமே பேசும். ‘கடத்தி இல்லை’ என்ற தாளைக் காட்டிச் சொந்தத்தில் முடிக்கலாம் என்று நினைத்தால், ஆயிரம் அறைகளில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு வீடு முழுதும் காலி என்று சொன்ன கதை. விரிவான கடத்திப் பரிசோதனைகள் கோலாலம்பூரில் காசு கொடுத்தால் கிடைக்கும். அவை தேடும் பழுதுகளின் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பியரின் டிஎன்ஏவைப் படித்து உருவானது. சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்து நான்கு தலைமுறை ஒரே தோட்டத்தில் மணந்த குடும்பம் எந்தப் பழுதைச் சுமக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லாமலே போகலாம். ஆகவே ஆலோசனை அறையில் இன்றைக்கு மிகப் பயன்படும் கருவி, மூன்று தலைமுறைக்கு வரைந்த குடும்ப மரம்தான்: பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை தங்கின, தங்காதவை எப்படிப் போயின, இரு வீட்டாரின் பூர்வீக ஊர் எது. பத்துப் பொருத்தம் பார்க்க நட்சத்திரமும் ராசியும் கேட்கும் அதே பலகையில் வைத்து, அதே அரை மணி நேரத்தில் கேட்டுவிடக்கூடிய கேள்விகள் இவை.