குன்னத்து முட்டையும் கியூஆர் கோடும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓடியது, ஞாபகம் இருக்கா? குளத்தில் மண் தோண்டும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. படத்தோடு செய்தி பறந்தது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு இவை முட்டை அல்ல, கடல் படிவில் உருவான உருண்டைக் கற்கள், அம்மோனைட்டோடு தொடர்புடையவை என்றார்கள். ஃபார்வர்டு போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. அது எப்போதும் அப்படித்தான்.

இந்தச் சம்பவத்தை நான் ஒரு கல்விப் பிரச்சினையாகத்தான் பார்க்கிறேன். ஏன்னா, அந்த மாதம் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் கையில் செல்போன், வீட்டில் கல்வித் தொலைக்காட்சி. பாடமும் திரையில் வந்தது, முட்டையும் திரையில்தான் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நாம் என்ன சொல்லிக் கொடுத்திருந்தோம்?

தமிழ்நாட்டில் பள்ளித் தொழில்நுட்பம் நல்ல வேகத்தில் வளர்ந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. 2011-ல் இலவச மடிக்கணினி. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு. 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். 2023-ல் மணற்கேணி செயலி. இப்போது தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு. இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியில் இதயம் துடிப்பதை, மின்சுற்று ஓடுவதை அசைபடமாகக் காட்டுவது பெரிய உதவி. இதை ஏளனம் செய்பவர்கள் அந்த மாதிரிப் பள்ளியில் படிக்காதவர்கள்.

என் விமர்சனம் வேறு இடத்தில். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், இவை எல்லாமே 'அவுட்புட்' கருவிகள். சென்னையில் ஒரு பாடம் தயாராகும், முப்பத்தெட்டு மாவட்டத்துக்கும் அதே பாடம் இறங்கும். பிள்ளையிடமிருந்து மேலே போவது வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் மட்டும்.

கல்வி ஆய்வில் இதைப்பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. 1983-ல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். மளிகைச் சாமானை எந்த லாரி ஏற்றி வந்தாலும் சாப்பாட்டின் சத்து மாறாது. அதுபோல ஊடகம் வெறும் வண்டி, கற்பித்தல் முறைதான் சத்து என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா 1991-ல் இதற்கு மறுப்பு எழுதினார். ஒரு ஊடகத்துக்கே உரிய திறனை எடுத்துப் பாடத்தோடு பொருத்தினால் கற்றல் மாறும் என்றார். யார் சரி? நம்ம ஊர் நிலைமைக்கு இரண்டு பேருமே சரி. கரும்பலகைப் பாடத்தையே வீடியோவாக எடுத்துப் போட்டால் கிளார்க் ஜெயிப்பார். கோஸ்மா ஜெயிக்க வேண்டுமென்றால் செல்போனால் மட்டுமே முடிகிற ஒன்றை நாம் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'நிலக்கோளம்' என்று ஒரு பாடம். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை எல்லாம் அதில் வரும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது அதன் பெருமை. எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தேவையே இல்லை என்பதுதான் அதன் குறையும். அரியலூர் பையன் உட்கார்ந்திருக்கும் தரைக்குக் கீழே இருப்பதே அந்தப் படிவுப்பாறைதான்! கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. 1840-களில் இங்கிருந்து போன கிளிஞ்சல்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்டு நிலத்தை அளந்தார், ஸ்டோலிச்கா உயிரினங்களை வகைப்படுத்தினார். அரியலூர் என்ற பெயரே ஒரு பாறைத் தொகுதிக்குப் பெயராகி உலகப் புவியியலில் நிற்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளியுலகுக்குச் சொன்னார்.

இந்த மண்ணில் டைனோசர் என்பதும் முழுக் கட்டுக்கதை இல்லை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980-களில் 'புருகத்காயோசாரஸ்' என்று ஒரு பெயரே வைத்தார்கள். அந்த எலும்புகள் பிறகு சிதைந்து போயின, சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆக, குன்னத்தில் "முட்டையா?" என்று கேட்டது தப்பே இல்லை. அடுத்த கேள்வி வரவில்லை என்பதுதான் தப்பு: "எப்படித் தெரியும்?" டைனோசர் முட்டையிட்டது நிலத்தில், இங்கே இருப்பதோ கடல் படிவு. முட்டை என்றால் சில மில்லிமீட்டர் கனத்தில் தனியாக ஒரு ஓடு இருக்க வேண்டும். உருண்டைக் கல் என்றால் ஏதோ ஒரு கருவைச் சுற்றிக் கனிமம் சேர்ந்து கெட்டியாகியிருக்கும். உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் திரை சொல்வதைக் கேட்டுக்கொள்ளப் பழகிய பிள்ளைக்கு, பாடம் சொல்லும் திரையும் புரளி சொல்லும் திரையும் ஒன்றுதான்.

"ரிசல்ட் நல்லாத்தானே வருது?" என்பார்கள். வருகிறது. 2022 பிளஸ் டூவில் பெரம்பலூர் 97.95 சதவீதத்தோடு மாநில முதலிடம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31. 2025 பிளஸ் டூவில் மறுபடியும் அரியலூர், 98.82. பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லிச் சொல்லியே ஒதுக்கப்பட்ட இரண்டு ஊருக்கு இது சாதாரண விஷயம் இல்லை, அந்த ஆசிரியர்களைக் கும்பிடலாம். ஆனால் தேர்ச்சி என்ற போர் ஜெயித்தாகிவிட்டது என்றால், இனி கொஞ்சம் வேறு வேலையும் பார்க்கலாம் இல்லையா?

வேலை இதுதான். செல்போனைத் திருப்பிப் பிடிப்பது. அதில் கேமரா இருக்கிறது, இடம் காட்டும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஓடையில், கிணறு வெட்டிய மண்மேட்டில் பார்த்த கிளிஞ்சலைப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுப்பது. தேதி, இடம், பாறையின் நிறம் குறிப்பது. கல்லை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுவது. வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் அந்தப் படங்களைப் போட்டு, இது என்ன, எப்படித் தெரியும் என்று விவாதிப்பது. வாரணவாசி அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆசிரியருக்கு நேரம் ஏது, எமிஸ் பதிவுக்கே நாள் போதவில்லை என்பது நியாயமான எதிர்வாதம். அதனால்தான் இதைக் கூடுதல் சுமையாக இல்லாமல், 'நிலக்கோளம்' பாடத்தின் இரண்டு பீரியடுக்குப் பதிலாக வைக்க வேண்டும் என்கிறேன். சுரங்கக் குழிக்குள் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இதில் அவசரமும் உண்டு. அந்தப் பழைய கடல்தரையின் சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. வேலை கொடுக்கும் தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டிய அடுக்கு வெட்டியதுதான், அதில் இருந்தது திரும்ப வராது. ஆராய்ச்சியாளர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். தினமும் அந்த மண்ணில் நடப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஓடையில் புதிதாக என்ன தெரிகிறது என்று இந்த உலகத்துக்குச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.