கியாராவின் தம்பி

குழந்தைகளோடு சினிமாவுக்குப் போய் வந்த பெற்றோரிடம் படம் எப்படி என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தாராளமாகக் கூட்டிப் போகலாம். ரத்தம் அதிகமில்லை, முத்தமில்லை, விலங்குகள் பேசுகின்றன, பாட்டு இருக்கிறது. 2024 டிசம்பரில் ‘முஃபாசா: தி லயன் கிங்’ தமிழ் பேசி வந்தபோதும் இதையே கேட்டேன். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பொள்ளாச்சி தாண்டிக் கோவைக்குப் போய், பத்து வயது மகளோடு படம் பார்த்தவள் என்ற முறையில் எனக்கும் மறுப்பில்லை. கூட்டிப் போகலாம். ஆனால் இந்தச் சான்றிதழ், படத்தில் எதெல்லாம் இருக்கக் கூடாது என்பதை மட்டுமே சோதிக்கிறது. கதையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கை அது பார்ப்பதில்லை.

பாரி ஜென்கின்ஸ் இயக்கிய இந்தப் படத்தின் சிங்கங்கள் முழுக்கக் கணினியில் உருவானவை. பிடரி மயிர் ஒவ்வொன்றும் காற்றில் தனித்தனியே அசைகிறது. 1994இல் வந்த முதல் ‘லயன் கிங்’ கோட்டுச் சித்திரம். அந்தச் சிங்கம் ‘நான் கற்பனை’ என்று பார்த்ததுமே சொல்லிவிடும். இதுவோ வனவிலங்கு ஆவணப்படம் போல வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீதிக்கதைச் சிங்கம் எப்போது விலங்கியல் படித்தது என்று யாரும் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தோல், நகம், புழுதி வரை நிஜத்தைக் காட்டிவிட்டு, உறவுமுறையில் மட்டும் மனித அரண்மனையை நுழைத்தால், குழந்தை அந்த அரண்மனையையும் இயற்கை என்றே எடுத்துக்கொள்ளும்.

நிஜமான சிங்கக் கூட்டம் என்பது பாட்டி, தாய், சித்தி, மகள் என்று உறவுக்காரப் பெண்கள் சேர்ந்து வாழ்வது. பெண்குட்டிகள் பெரும்பாலும் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆண்குட்டிகள் இரண்டு மூன்று வயதில் வெளியேறி, பிறகு வேறொரு கூட்டத்தைப் பிடித்து, அதைவிட வலுத்த ஆண்கள் வரும்வரை சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. வேட்டை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. தந்தையின் பாறை மகனுக்கு என்ற ஏற்பாடு சிங்கத்திடம் இல்லை. அது நம்முடையது.

எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. தேயிலைக் காட்டில் யானை நின்றால் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும், கைபேசிக்குச் செய்தி வரும். என்சிஎஃப் அமைப்பினர் செய்துவைத்த ஏற்பாடு அது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விளக்கைப் பார்த்துத்தான் வழி மாற்றுவார்கள். கூட்டமாக வந்தால் முன்னால் நடப்பது வயதான பெண்யானை என்பதும், தண்ணீரும் தடமும் அவளுக்குத்தான் தெரியும் என்பதும், கொம்பன் பெரும்பாலும் தனியாகத் திரிவான் என்பதும் லைன் வீட்டுச் சிறுவர்கள்வரை அறிந்தது. படத்திலும் யானைக் கூட்டம் ஒன்று மிரண்டு ஓடுகிறது. சராபியைக் காப்பாற்றி முஃபாசா தன் வீரத்தைக் காட்டுவதற்கு மட்டும் அது பயன்படுகிறது.

இத்தனைக்கும் படத்தின் ஆகச் சிறந்த பகுதி ஒரு பெண்ணைப் பற்றியது. வெள்ளத்தில் பெற்றோரைப் பிரிந்து வரும் குட்டி முஃபாசாவை டாக்காவின் தந்தை ஒபாசி ஏற்பதில்லை. ஆண்களோடு சேர்க்காமல் பெண்களோடு இருக்கச் செய்கிறான். அது அவன் தரும் இழிவு. நான் பார்த்த அரங்கில் அந்த இடத்தில் சிரித்தார்கள். ஆனால் அங்கேதான் டாக்காவின் தாய் எஷே முஃபாசாவுக்கு மோப்பத்தால் தூரத்தை அறிய, காற்றையும் மண்ணையும் கவனிக்க, வேட்டையாடக் கற்றுத் தருகிறாள். டாக்காவோ ஆண்களோடு படுத்துக் கிடந்து, வஞ்சகம்தான் அரசனின் கருவி என்று தகப்பனிடம் கற்கிறான். இழிவென்று தள்ளிய இடமே கல்விக்கூடமாகும் இந்தத் திருப்பத்தைக் குழந்தைகள் படத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு என்ன நடக்கிறது? எஷே செத்துப்போகிறாள். அவளுடைய வித்தை அவனுடைய தகுதியாகிறது. அதே போலப் பிழைக்கத் தெரிந்த சராபி, அண்ணன் தம்பிச் சண்டைக்குக் காரணமாகிறாள். விலங்குகள் கூடி ஒருவரைத் தலைவராக ஏற்கும்போது அவளை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது இந்தப் படத்தோடு தொடங்கியதல்ல. முந்தைய கதையில் நாலா சிம்பாவோடு கட்டிப் புரண்டு ஒவ்வொரு முறையும் அவனைக் கீழே வீழ்த்துகிறாள். வீழ்த்திவிட்டு, நீ வந்து ஆள வேண்டும் என்று அவனையே அழைக்கிறாள்! கழுதைப்புலிகளின் கணக்கு இன்னும் வேடிக்கை. புள்ளிக் கழுதைப்புலிகளில் பெண்தான் உருவில் பெரியவள், ஆதிக்கம் அவளுடையது, தாயின் தகுதியே பிள்ளைக்கு. 2019 படத்தில் அந்தக் கூட்டத்துக்கு ஷென்சி என்ற பெண் தலைமை தாங்குகிறாள். பெண் ஆளும் ஒரே கூட்டம், வில்லன் கூட்டம்.

டிஸ்னியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியவில்லை, தமிழ் படித்தவளாயிற்றே. குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் புகழ்பெற்ற பாட்டில், களிறு யா மரத்தைப் பிளந்து பிடிக்கு உணவூட்டுகிறது. பிரிந்துபோன தலைவனும் அதைக் கண்டு மனம் இளகித் திரும்பிவிடுவான் என்று தோழி ஆறுதல் சொல்கிறாள். அழகான பாட்டு; ஆண்டுதோறும் வகுப்பில் ரசித்தே நடத்துகிறேன். ஆனாலும் பொருள்தேடப் போகும் ஆணையும் காத்திருக்கும் பெண்ணையும் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கிருந்தே அதற்குச் சாட்சி எடுத்துக்கொள்கிற வேலை அதிலும் நடக்கிறது. பிடிக்குத் தன் கூட்டம் உண்டு, அதில் தாயும் அக்காளும் உண்டு என்பது அகப்பாடல்களில் பெரும்பாலும் தெரிவதில்லை.

படத்தின் மொத்தக் கதையும் சிம்பாவின் மகள் கியாராவுக்கு ரஃபிக்கி சொல்வது. மழை இரவில் பயந்திருக்கும் சிறுமிக்குத் தாத்தாவின் வீரம் மருந்தாகிறது. இருக்கட்டும். கதை முடிந்ததும் சிம்பாவும் நாலாவும் திரும்பி வருகிறார்கள், புதிதாகப் பிறந்த தம்பியோடு. இசை உயர்கிறது. பக்கத்தில் என் மகள் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப கியாராவுக்குப் பாறை இல்லியாம்மா?”

படம் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொங்கு நாட்டில் வளர்ந்த எவளுக்கும் பதில் தெரியும். மூத்தது பெண் என்றால், அடுத்தது பையனாக இருக்கட்டும் என்ற வேண்டுதல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. நாடு முழுமைக்கும் 2005இல். சட்டம் வந்தபின்னும் பத்திரப்பதிவு அலுவலகங்களில் அக்கா தங்கைகள் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். சீர் செய்தாகிவிட்டது, அண்ணன் உறவு வேண்டுமல்லவா என்று சொல்லித்தான் கூட்டிவருவார்கள். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளுக்குத் தமிழில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும்.

தம்பி வருவதற்குச் சற்று முன் ஒரு காட்சி. எல்லாரும் தேடிப் போகும் மிலேலே என்ற வளநாட்டில் முஃபாசா தன் தாய் அஃபியாவைக் கண்டடைகிறான். வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்தவள் அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். அதே மலை, அதே தூரம். மகனின் பயணத்துக்குத் தம்பியும் துணையும் பாட்டும் உண்டு, வழிகாட்ட ரஃபிக்கி உண்டு. அவள் யாரோடு வந்தாள், எங்கே பசித்தாள், எந்த இடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்? மகனைக் கட்டிக்கொள்ள மட்டும் படம் அவளை அழைக்கிறது. ரஃபிக்கியிடம் கியாரா அந்தக் கதையைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.