ஐரோப்பா எங்கே முடிகிறது?

1987ஆம் ஆண்டு மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன், தம் நாட்டை, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தார். மொராக்கோ ஐரோப்பிய நாடு அல்ல என்ற பதிலோடு அந்த முயற்சி முடிந்தது. உலகப்படத்தை விரித்துப் பார்ப்பவருக்கு இதில் தவறேதும் தெரியாது. ஜிப்ரால்டர் நீரிணைக்குத் தெற்கே இருப்பது ஆப்பிரிக்கா என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதே தென்கரையில், மொராக்கோவை ஒட்டியபடி, செயூட்டா, மெலியா என்று இரண்டு நகரங்கள் இருக்கின்றன. இரண்டும் ஸ்பெயினுக்குச் சொந்தம். ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவை. 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்த சைப்ரஸோ துருக்கிக் கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரிலும் சிரியாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரிலும் இருக்கும் தீவு. ஐ.நா.வின் புள்ளிவிவரப் பட்டியல் அதை மேற்கு ஆசியாவில்தான் வைத்திருக்கிறது.

உலகைக் கண்டங்களாகப் பிரிக்கும் வழக்கத்தை எடைபோட ஐரோப்பாவைவிடப் பொருத்தமான உரைகல் கிடைக்காது. மற்ற கண்டங்களுக்குக் கடலோ, குறுகலான நிலஇடுக்கோ எல்லையாக அமைந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குக் கிழக்கே கடல் இல்லை. அங்கே கோட்டை மனிதர்கள்தான் போட வேண்டியிருந்தது; போட்டவர்களின் நோக்கமும் அதில் ஒட்டிக்கொண்டது.

ஏஜியன் கடலில் கப்பலோட்டிய கிரேக்கர்களுக்கு இந்தப் பிரிவினை கண்கூடாகத் தெரிந்தது. ஒரு பக்கக் கரை ஐரோப்பா, எதிர்க்கரை ஆசியா. கருங்கடலைத் தாண்டி வடக்கே போனதும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆறுகளைப் பிடித்துக்கொண்டார்கள், டான் ஆறுதான் எல்லை என்றார்கள் சிலர். நிலம் ஒன்றாக இருக்க, அதற்கு மூன்று பெயர் எதற்கு, எல்லையை வகுத்தது யார் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் சலித்துக்கொண்டார். அவருக்கு விடை கிடைக்கவில்லை.

இன்றைய கோட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை; போட்டவர் யாரென்று தெரியும். 1709இல் பொல்தாவா போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்ட ஸ்வீடன் படை அதிகாரி ஸ்ட்ராலன்பெர்க், கைதியாகப் பல ஆண்டுகள் சைபீரியாவில் இருந்தார். ஊர் திரும்பி 1730இல் வெளியிட்ட நூலில் யூரல் மலைத்தொடரை எல்லையாக முன்வைத்தார். அந்த யோசனையை அவருக்குச் சொன்னதே நான்தான் என்று ரஷ்ய அறிஞர் தத்தீஷ்செவ் உரிமை கொண்டாடினார். எவர் முதலில் சொன்னாலும், மகா பீட்டருக்குப் பிந்தைய ரஷ்யாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்கும் ஐயத்துக்கு இடமின்றி ஐரோப்பாவில் வந்துவிட்டன. சைபீரியா, மேற்கத்திய வல்லரசுகளுக்கு இருந்த குடியேற்ற நாடுகளைப் போல, ஆசியாவில் கிடக்கும் உடைமையாகிவிட்டது.

எல்லையாக நிற்கும் அளவுக்கு யூரல் உயரமா? அதன் மிக உயர்ந்த சிகரமான நரோத்னயா 1,900 மீட்டரைக்கூட எட்டவில்லை. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மலை முடியும் இடத்திலிருந்து கோடு யூரல் ஆற்றோடு இறங்குகிறது. கஜகஸ்தானின் அத்திராவ் நகரில் ஆற்றுப் பாலத்தின் ஒரு முனையில் ஐரோப்பா என்றும் மறுமுனையில் ஆசியா என்றும் எழுதி மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஊர் ஒன்றுதான், நகராட்சியும் ஒன்றுதான்.

காஸ்பியனுக்கு அப்பால் கோடு போடுபவர்களே இரண்டு கட்சி. காகசஸ் மலையின் நீர்ப்பிரிமேடுதான் எல்லை என்றால் அதற்கு வடக்கே நிற்கும் 5,642 மீட்டர் எல்பிரஸ் ஐரோப்பாவின் உச்சிச் சிகரம். இன்னும் வடக்கே உள்ள கூமா-மானிச் தாழ்நிலம்தான் எல்லை என்றால் எல்பிரஸ் ஆசியாவுக்குப் போய்விடும். சுமார் 4,800 மீட்டர் மோன் பிளாங்குக்குப் பட்டம் கிடைக்கும். பொது அறிவுத் தேர்வில் ஒரு மதிப்பெண் போவதற்கு இது போதும்.

நிலவியலாளரிடம் போனால் வழக்கு இன்னும் மோசமாகிறது. ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் ஒரே புவித்தட்டில் இருக்கின்றன. யூரல், சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலங்கள் மோதி ஒட்டிய பழைய தையல். இன்று அங்கே தட்டு எல்லை எதுவும் இல்லை. இந்தியாவுக்கோ தனித் தட்டு, மூன்று பக்கம் கடல், வடக்கே உலகத்தின் மிக உயர்ந்த மலை. இயற்கைதான் அளவுகோல் என்றால் தனிக் கண்டமாகும் தகுதி ஐரோப்பாவைவிட இந்தியாவுக்கு அதிகம். ஆனால் வரைபடத்தை அச்சடித்து உலகெங்கும் பரப்பியவர்கள் ஐரோப்பியர்கள்; தங்கள் நிலத்தைக் கண்டமாகவும் நம் நிலத்தைத் துணைக்கண்டமாகவும் வைத்தார்கள். மார்ட்டின் லூயிஸும் காரென் விகனும் 1997இல் வெளியிட்ட ‘கண்டங்கள் என்னும் கட்டுக்கதை’ என்ற நூல் இந்தச் சாய்வை விரிவாக அலசியது. எண்ணிக்கையிலும் ஒற்றுமை இல்லை. நம் பாடநூலில் ஏழு கண்டங்கள்; யூரேசியாவை ஒன்றாகப் படிக்கும் ரஷ்ய மாணவருக்கு ஆறு; லத்தீன் அமெரிக்க மாணவருக்கோ வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே அமெரிக்கா.

இத்தனை ஓட்டை உள்ள வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அது அவசர முடிவு. உலகை ஏதாவது ஒரு வகையில் பகுக்காமல் பாடமும் நடத்த முடியாது, கணக்கும் எடுக்க முடியாது. ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவு துருக்கி, ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான் நான்கையும் மேற்கு ஆசியாவில் வைக்கிறது. ரஷ்யா முழுவதையும் கிழக்கு ஐரோப்பாவில் அடக்கிவிடுகிறது. கூடவே, இந்தப் பகுப்பு கணக்கெடுப்பு வசதிக்காக மட்டுமே, எந்த நாட்டின் அரசியல் சார்பையும் இது குறிக்காது என்று குறிப்பும் போடுகிறது. நேர்மையான வேலை.

கால்பந்தும் அப்படித்தான். 211 சங்கங்களை ஒரே தகுதிச்சுற்றில் ஆடவைக்க முடியாது. 1974இல் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட இஸ்ரேல் 1994இல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் முழு உறுப்பினரானது. கஜகஸ்தான் 2002இல் ஆசியாவை விட்டு ஐரோப்பாவுக்கு மாறியது. வலுவான எதிரணிகளைத் தேடி ஆஸ்திரேலியா 2006இல் ஆசியாவுக்கு வந்தது. ஆஸ்திரேலியா ஆசியாவாகிவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை. யார் யாரோடு ஆடுவது என்ற ஏற்பாடு அது; அவ்வளவுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. வெளியார் வைத்த எல்லையே உள்ளிருப்பவர்களின் கொடியாக மாறலாம். 1963இல் அடிஸ் அபாபாவில் கூடிய விடுதலை பெற்ற நாடுகள் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கியபோது, கண்டம் என்ற அடையாளம் நிறவெறிக்கும் எஞ்சியிருந்த காலனி ஆட்சிக்கும் எதிரான ஆயுதமாயிற்று. அங்கும் அரசியல் குறுக்கே வந்தது: மேற்கு சஹாரா தகராறில் 1984இல் அந்த அமைப்பை விட்டு வெளியேறிய மொராக்கோ, அதன் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 2017இல்தான் சேர்ந்தது.

கோளாறு தொடங்குவது, வசதிக்காகப் போட்ட கோட்டை இயற்கையின் தீர்ப்பாகக் காட்டும்போது. எந்த ஐரோப்பிய அரசும் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தம். ஐரோப்பிய அரசு என்பது எது என்று அதில் விளக்கம் இல்லை. புவியியல், வரலாறு, பண்பாடு மூன்றும் கலந்த சொல் அது, அதை வரையறுத்து அடைப்பது சரியல்ல என்று 1992இல் ஐரோப்பிய ஆணையம் கருதியது. இந்த நெகிழ்வுக்குப் பயன் உண்டு. காகசஸுக்குத் தெற்கே உள்ள ஜார்ஜியா 2023 டிசம்பரில் வேட்பாளர் தகுதி பெற்றது அதனால்தான். கதவு யாருக்குத் திறக்கும் என்பதை உள்ளே இருப்பவர்கள் மட்டுமே முடிவு செய்வது இதன் மறுபக்கம்.

துருக்கியின் கதையைப் பாருங்கள். அதுவும் 1987இல்தான் விண்ணப்பித்தது. 1999இல் வேட்பாளரானது, 2005இல் பேச்சுவார்த்தை தொடங்கியது, பிறகு தேங்கிப்போனது. துருக்கியின் தலைநகரம் ஐரோப்பாவில் இல்லை, மக்களில் 95 சதவீதம் பேர் ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்கிறார்கள், ஆகவே அது ஐரோப்பிய நாடல்ல என்று முன்னாள் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் டெஸ்தாங் 2002இல் வாதிட்டார். புவியியல் வாதம் போலத் தோன்றுகிறது. அதே அளவுகோலால் அளந்தால் சைப்ரஸின் தலைநகரமும் மக்கள் அத்தனை பேரும் ஐரோப்பாவுக்கு வெளியேதான். ஒன்றரை ஆண்டு கழித்து சைப்ரஸ் உறுப்பினரானது. மறுப்புக்கு உண்மையான காரணம் மதமா, மக்கள்தொகையா, வேலைதேடி வருவோர் பற்றிய அச்சமா என்று பேசியிருக்க வேண்டிய இடத்தில் வரைபடம் திரையாகத் தொங்கியது.

ஒன்றியத்திடம் வெளிப்படையான அளவுகோல்களும் இருக்கின்றன. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, இயங்கும் சந்தைப் பொருளாதாரம் ஆகியவற்றை 1993இல் கோபன்ஹேகனில் வகுத்தார்கள். இவற்றைக் காட்டி மறுத்தால் மறுக்கப்பட்ட நாடு பதில் சொல்லலாம், தன்னைச் சீர்செய்துகொள்ளவும் செய்யலாம். சட்டத்தைத் திருத்த முடியும். நிலத்தைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. புவியியலைக் காரணம் காட்டும் மறுப்புக்கு மேல்முறையீடே கிடையாது என்பதுதான் அதன் அநீதி.

ஆகவே கண்டங்கள் இருக்கட்டும். பாடநூலில் ஏழு பெயர்களோடு, யூரல் கோடு யார் போட்டது, எப்போது, யாருக்கு வசதியாக என்ற ஒரு பத்தியும் சேரட்டும். ஒரு நாடு எந்தக் கண்டம் என்று யாராவது தீர்ப்புச் சொன்னால், எந்தக் காரியத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்போம். கணக்கெடுப்புக்கு ஒரு விடை, பந்தாட்டத்துக்கு ஒரு விடை, அரசியல் கூட்டுக்கு வேறொரு விடை வரும். இவற்றில் எதையும் மண்ணே சொன்ன விடையாக ஏற்க வேண்டியதில்லை.