எரிந்தனவா, எரித்தனரா?

'1983 கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகள் எரிந்தன.' கொழும்பைக் களமாகக் கொண்ட கதைகளில் இவ்வகை வாக்கியத்தை அடிக்கடி காண்கிறோம். அவை தாமாகவா எரிந்தன? 'எரிந்தன' தன்வினை; 'எரித்தனர்' பிறவினை. வினை மாறியதும் எழுவாயாக மனிதன் வந்து நிற்கிறான்.

'கலவரம்' என்னும் சொல்லும் அவனை மறைக்கிறது. இரு சாராரும் மோதிக்கொண்டனர் என்று எண்ணச் செய்கிறது. கொழும்பிலோ வாக்காளர் இடாப்புகளைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் கொலைக் கும்பல் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றது. அரசின் காவலில் இருந்தோருக்கு நேர்ந்ததைக் கலவரம் என்பது தகுமா?

'சிங்களவர் எரித்தனர்' என்று எழுதுவோரும் உளர். இதுவும் தெளிவற்ற பேச்சே. அந்நாள்களில் தமிழ் அயலவரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் பல. முழு இனத்தையும் எழுவாயாக்கினால், ஏவியவனும் தடுக்காது நின்ற அதிகாரமும் அக்கூட்டத்துள் ஒளிந்து தப்பிவிடுகின்றனர். முன்னைய வாக்கியத்தில் குற்றவாளியே இல்லை. பின்னையதில் எல்லோரும் குற்றவாளிகள். இரண்டிலும் உண்மைக் குற்றவாளிக்கே ஆதாயம்.

யதார்த்தம் பேசும் எழுத்தாளன் முதலில் எழுவாயைத் தேடவேண்டும். தன்வினை, பிறவினை கற்பிக்கும் ஆசிரியர்கள் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளைப் பற்றிய வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். "ஐயா, இதில் எழுவாய் எங்கே?" என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின், விமர்சனம் அங்கே தொடங்கிவிட்டது என்போம்.