முதல் நாவலும் பொது நூலகமும்

நாவலின் வரலாற்றை எழுதுவோர் ஆசிரியர் பெயர்களையும் நூற்பெயர்களையும் வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். அந்நாவலை வாங்கியோர் யார், இரவல் கொடுத்தோர் யார், எவருடைய கைக்கு அது எட்டாமற் போயிற்று என்னும் வினாக்கள் இலக்கியத்திற்குப் புறம்பானவை என்று அவர்கள் கருதுகின்றனர். ஆனால், முதல் நாவலை எழுதி முடித்து வாசகரை எதிர்நோக்கி நிற்கும் எழுத்தாளருக்கு இவற்றினும் முக்கியமான வினா வேறில்லை.

இவ்வினாக்களை இன்று எழுப்பக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொவிட் பெருந்தொற்றின் காரணமாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொது நூலகங்கள் கதவடைத்தன. அவற்றுட் பல, இணையத்தின் வழியே கூட்டங்களை நடத்த முற்பட்டன. முதல் நாவலை வெளியிட்ட மூவர் நால்வரை ஒருங்கே அழைத்து, நூலகர் ஒருவர் வினாத் தொடுக்க, வாசகர்கள் தத்தம் வீடுகளிலிருந்தே திரையிற் கண்டு கேட்கும் முறை பரவிற்று. கதவுகள் திறந்த பின்னரும் அது நின்றுவிடவில்லை. இதனால் இலக்கியம் பெறுவது யாது, இழப்பது யாது என மதிப்பிடுதல் விமரிசகரின் கடமையாகும்.

நூலகத்துக்கும் புதிய நாவலாசிரியருக்குமுள்ள உறவு என்றும் நல்லுறவாக இருந்ததில்லை. சார்ல்ஸ் மூடி என்பவர் இலண்டனில் 1842இல் இரவல் நூலகமொன்றைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தியவர் அங்கே ஒரு நேரத்தில் ஒரு தொகுதியைப் பெறலாம். மூன்று தொகுதிகளாக வெளிவந்த நாவலின் விலையோ ஒன்றரைக் கினி. நடுத்தர வகுப்பினரும் வாங்கத் தயங்கிய அவ்விலையே மூடியின் பலமாயிற்று. நாவலின் நீளத்தையும், அது பேணவேண்டிய ஒழுக்கத்தையும் அவருடைய வாணிபமே நிர்ணயித்தது. 1883இல் ஜோர்ஜ் மூர் தமது முதல் நாவலை வெளியிட்டார். நாட்டுப்புறச் சீமாட்டிகள் இருவர் முறையிட்டனர் என்று கூறி மூடி அதனைப் பரப்ப மறுத்ததாக மூர் எழுதினார். அவர் பணிந்துவிடவில்லை. அடுத்த நாவலை 1885இல் ஒரே தொகுதியாக, ஆறு ஷில்லிங் விலையில் வெளிவரச் செய்ததோடு, மூடியின் ஆதிக்கத்தைச் சாடி அதே ஆண்டிற் பிரசுரமொன்றும் எழுதினார். 1894இல் மூன்று தொகுதி முறையை இரவல் நூலகங்களே கைவிட்டன.

பொது நூலக இயக்கம் இதற்கு நேர்மாறான கொள்கையில் எழுந்தது. இங்கிலாந்தில் 1850இற் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1852இல் மஞ்செஸ்டர் நூலகம் திறக்கப்பட்டபோது டிக்கன்ஸும் தாக்கரேயும் அவ்விழாவிற் கலந்துகொண்டனர். அமெரிக்காவின் பொஸ்டன் நூலகம், தான் யாவர்க்கும் இலவசமானது என்னும் பொருள்பட்ட வாசகத்தை 1895இல் எழுந்த தன் கட்டடத்தின் வாயிலிலேயே பொறித்து வைத்தது. கினி செலுத்த இயலாதவனும் வாசகனே என்பதுதான் இவ்வியக்கத்தின் சாரம்.

இணையவழிக் கூட்டத்தையும் இந்த அளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். அது தரும் நன்மையை மறுக்கவியலாது. தலைநகரின் இலக்கியக் கூட்டத்துக்குச் செல்லப் பணமும் ஓய்வும் இல்லாதோர், நடமாட இயலாதோர், இரவுவேலை செய்வோர், குழந்தையை விட்டு நீங்க முடியாத தாய்மார் ஆகியோர் இன்று எழுத்தாளரிடம் நேரே வினாத் தொடுக்க முடிகிறது. இது சிறு வெற்றியன்று.

ஆனால், கூட்டத்தின் அமைப்பே நாவலுக்கு எதிராகச் செயற்படுவதையும் காண்கிறோம். ஒரு மணி நேரத்தில் நால்வர் பேசினால், ஒருவருக்குக் கிடைப்பது கால் மணிக்கும் குறைவே. நூல் அப்போதுதான் வெளிவந்திருப்பதால், கேட்போரிற் பெரும்பாலார் அதனைப் படித்திரார். ஆதலின் பேச்சு நூலை விட்டு ஆசிரியரின் வாழ்க்கையைச் சுற்றுகிறது. எக்கணத்தில் எழுதத் தோன்றியது, எந்த வேளையில் எழுதுகின்றீர், இது உங்கள் சொந்தக் கதையா என்னும் வினாக்களே எழுகின்றன. கதைமாந்தர் ஏன் இவ்வாறு நடந்தனர், அவர்களை உருவாக்கிய சமூக உறவுகள் யாவை என்னும் வினாக்களுக்கு நேரம் எஞ்சுவதில்லை.

டக்ளஸ் ஸ்டுவர்ட்டின் முதல் நாவலாகிய 'ஷகி பெய்ன்' 2020ஆம் ஆண்டின் புக்கர் பரிசைப் பெற்றது. இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற ஆறு நூல்களுள் நான்கு முதல் நாவல்கள். நாவலாசிரியர்கள் திரையின் வழியே கலந்துகொண்ட விழா அது. சுரங்கமும் ஆலையும் மூடுண்ட கிளாஸ்கோ நகரில், மதுவுக்கு அடிமையான தாயையும் அவளைக் காக்கத் துடிக்கும் சிறுவனையும் பற்றிய கதை அது. இதனை ஆசிரியரின் சொந்தத் துயராக மட்டும் வாசித்தால், ஒரு தொழிலாளர் சமுதாயமே சிதைந்த வரலாறு கண்ணிலிருந்து மறைந்துவிடும். முப்பதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய நாவல் அது என்பதையும் மறத்தலாகாது. பரிசு கிட்டாத அத்தகைய நாவல்களைத் தேடிக் கண்டெடுப்பது யார்? அப்பணி நூலகருக்குரியது. பதிப்பகங்கள் அவ்வப்பருவத்தில் முன்வைக்கும் பெயர்ப்பட்டியலை நூலகர் அப்படியே ஏற்றுக்கொண்டால், அவர் பதிப்பகத்தின் விளம்பர முகவராகிவிடுகிறார்.

இங்கு ஒரு முரண்பாடு அவதானிக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் மக்மில்லன் பதிப்பகம், புதிய மின்னூல் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதியை மட்டும், முதல் எட்டு வாரங்களுக்கு, ஒரு நூலகத் தொகுதி வாங்கலாம் என விதித்தது. இரவல் விற்பனையைக் கெடுக்கின்றது என்பதே அதன் வாதம். நூலகங்களின் எதிர்ப்புக்குப் பின்னர், 2020 மார்ச்சில், அவ்விதி கைவிடப்பட்டது. இரவல் கொடுக்கும் நூலகம் வாணிபத்துக்குப் பகை. எழுத்தாளரை அறிமுகஞ்செய்யும் நூலகம் வாணிபத்துக்கு நட்பு! இந்த இரட்டை நிலையை உணர்ந்த நூலகம் தன் மேடையை நிபந்தனையின்றி ஒப்படைக்காது.

எழுத்தாளரின் உழைப்பையும் கருதுதல் வேண்டும். பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நூலக இரவல்களுக்கென 1984 முதல் எழுத்தாளருக்குச் சிறுதொகை அளிக்கப்படுகிறது. அமெரிக்காவில் இத்தகைய உரிமை இல்லை. அங்கே நூலின் பிரதிகளை வாங்காமலும், பேசிய நேரத்துக்கு ஊதியம் அளிக்காமலும் கூட்டம் நடத்தினால், முதல் நாவலாசிரியருக்கு எஞ்சுவது கைதட்டல் மட்டுமே. வேறு வருமானம் உள்ளவரே இவ்விலவச உழைப்பைத் தாங்கவியலும். ஆலைத் தொழிலாளியின் மகள் அதனைத் தாங்கமாட்டாள். பொது நூலகம் எந்த வேலியைத் தகர்க்க எழுந்ததோ, அதே வேலி புதிய இடத்தில் முளைப்பதை இதிற் காணலாம்.

எனவே, இக்கூட்டங்களை நிறுத்துக எனக் கூறுவது நமது நோக்கமன்று. ஒரு கூட்டத்திற்கு ஒரு நாவல் போதும். அதன் பிரதிகள் ஒரு மாதத்துக்கு முன்னரே கிளை நூலகங்களைச் சென்றடைதல் வேண்டும். படித்த வாசகர் பேசவும், எழுத்தாளர் செவிமடுக்கவும் இடமளித்தல் வேண்டும். சிறு பதிப்பகங்களின் நூல்களை நூலகரே தேர்தல் வேண்டும். பேசியவருக்கு ஊதியம் கொடுத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டின் பின்னர் நிதிக் குறைப்பால் இங்கிலாந்தில் எண்ணற்ற கிளை நூலகங்கள் மூடப்பட்டன. திரையில் நூலகம் உண்டென்று காட்டி எஞ்சிய கதவுகளையும் மூட முனைவோருக்கு இக்கூட்டங்கள் சாட்சியாகிவிடக் கூடாது.

திரையில் எத்தனை பேர் கண்டனர் என்னும் கணக்கு நிருவாகிகளுக்கு உவப்பானது. ஆனால் முதல் நாவலொன்றின் உண்மையான வரவேற்பு, அடுத்த ஆண்டில் அந்நூலின் அட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதிலேயே தெரியவரும். அந்தத் தேய்மானத்துக்கு வழிசெய்யும் கூட்டமே பொது நூலகத்துக்குத் தகுந்த கூட்டமாகும்.